கடைச் சாவி யார் கையில்? கிளவுட் அக்கவுண்ட்டைக் குழுவாகப் பயன்படுத்தும் முறை

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய நிறுவனம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் புரோகிராம் எழுதுவார். ஒருவர் வெப்சைட்டை வடிவமைப்பார். ஒருவர் கணக்கு பார்ப்பார். இன்னொருவர் வாடிக்கையாளர்களைச் சந்திப்பார். முதல் நாளே நிறுவனத்தின் பெயரில் ஒரு ஜிமெயில் அக்கவுண்ட் திறக்கிறார்கள். பைல்கள் எல்லாம் அதன் கூகுள் டிரைவில் சேமிக்கப்படுகின்றன. பாஸ்வேர்டை ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் போட, மற்ற மூவரும் அதையே டைப் செய்து உள்ளே நுழைகிறார்கள். வேலை சுலபமாக நடக்கிறது.

சில மாதங்கள் கழித்து, புரோகிராம் எழுதியவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைக்கிறது. சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய கம்ப்யூட்டர் ஒன்றில் அந்த அக்கவுண்ட்டைத் திறக்க முயன்றால், "உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்பியுள்ளோம், அதனை இங்கே டைப் செய்திடவும்" என்று கேட்கிறது. எந்தப் போனுக்கு? அக்கவுண்ட்டைத் திறந்தபோது கொடுத்தது ஊருக்குப் போன நண்பரின் போன் எண்!

இது கற்பனைதான். ஆனால் புதிதாகத் தொழில் தொடங்கும் பலரும் இதே வழியில்தான் செல்கிறார்கள். கிளவுட் அக்கவுண்ட்டைப் பலர் சேர்ந்து பயன்படுத்துவது எப்படி, யாருக்கு எவ்வளவு அனுமதி தருவது, ஒருவர் விலகும்போது என்ன செய்வது என்பதை இங்கு பார்க்கலாம்.

கிளவுட் என்பது என்ன?

உங்கள் பைல் உங்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் இல்லாமல், இன்டர்நெட் வழியாக அணுகக் கூடிய வேறு ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருந்தால், அதுவே கிளவுட். அமேசான் நிறுவனம் 2006 ஆம் ஆண்டு மார்ச் மாதம் எஸ்3 என்ற சேமிப்பு வசதியையும், அதே ஆண்டு ஆகஸ்டில் இசி2 என்ற வாடகை சர்வர் வசதியையும் தொடங்கியது. கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலில் வந்தது. இன்று மூன்று பேர் கொண்ட நிறுவனம்கூட சொந்தமாக ஒரு சர்வர் வாங்காமல் தொழில் தொடங்க முடிவதற்கு இவையே காரணம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சொந்த சர்வர் என்றால் அது ஓர் அறையில் இருக்கும். அறைக்குப் பூட்டு இருக்கும். கிளவுட்டில் அறை இல்லை. யூசர் நேமும் பாஸ்வேர்டும்தான் பூட்டு. அவற்றைத் தெரிந்தவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் உள்ளே வரலாம். ஆகவே, சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பது இங்கு மிக முக்கியம்.

ஒரே பாஸ்வேர்டை அனைவரும் பயன்படுத்தினால் என்ன?

1. யார் செய்தது என்று தெரியாது. ஒரு பைல் காணாமல் போனால், நால்வரில் யார் அழித்தார் என்பதைக் கண்டறிய வழியில்லை. எல்லாரும் ஒரே பெயரில்தான் நுழைந்திருக்கிறார்கள்.

2. அனைவருக்கும் முழு அதிகாரம் கிடைத்து விடுகிறது. விலைப்பட்டியலைப் பார்க்க மட்டும் வேண்டியவரும், மொத்த அக்கவுண்ட்டையும் அழிக்க முடியும்.

3. ஒருவர் விலகினால் பாஸ்வேர்டை மாற்றி மற்ற அனைவருக்கும் மீண்டும் சொல்ல வேண்டும். இந்தச் சிரமத்திற்காகவே பலர் மாற்றாமல் விட்டு விடுகிறார்கள்.

4. இரண்டாம் கட்டச் சோதனைக்கான எண் ஒருவர் போனுக்குத்தான் வரும். அவர் பஸ்சில் தூங்கிக் கொண்டிருந்தால் மற்றவர் வேலை நிற்கும். இதனாலேயே அந்தப் பாதுகாப்பை ஆப் செய்து விடுகிறவர்களும் உண்டு.

பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்த கதை

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை என்று எண்ண வேண்டாம். கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் வசதியைத் தந்து வந்தது. அதன் சர்வர்கள், வாடிக்கையாளர்களின் பைல்கள், அவற்றின் பேக் அப் எனப் பெரும்பாலானவை அமேசான் கிளவுட்டில் இருந்தன.

2014 ஜூன் 17 அன்று அதன் தளத்தைப் போலி டிராபிக்கால் திணறடிக்கும் தாக்குதல் தொடங்கியது. அதைச் சமாளிக்கும்போதுதான், யாரோ ஒருவர் தங்களுடைய அமேசான் கண்ட்ரோல் பேனலுக்குள்ளேயே நுழைந்திருப்பது தெரிந்தது. பணம் கேட்டு அங்கே தகவல் விட்டிருந்தார். நிறுவனத்தினர் பாஸ்வேர்ட்களை மாற்றி அக்கவுண்ட்டை மீட்க முயன்றனர். ஆனால் நுழைந்தவர் ஏற்கெனவே தனக்கென வேறு லாக் இன்களை உருவாக்கி வைத்திருந்தார். மீட்கும் முயற்சியைப் பார்த்ததும் கையில் கிடைத்ததை எல்லாம் அழிக்கத் தொடங்கினார். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரத்தில் நிலைமை கட்டுக்குள் வந்தபோது, பைல்களில் பெரும்பகுதியும் பேக் அப்பும் போய் விட்டன. தொழிலைத் தொடர இயலாது என்று அந்நிறுவனம் அறிவித்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். எல்லாவற்றையும் அழிக்கக் கூடிய சாவி அன்றாடப் புழக்கத்தில் இருக்கக் கூடாது. பேக் அப், அதே சாவியால் திறக்கும் அறையில் இருக்கக் கூடாது.

முதல் வேலை: ஆளுக்கு ஓர் அக்கவுண்ட்

நிறுவனத்தின் அக்கவுண்ட் வேறு. அதில் நுழையும் ஆள் வேறு. இதை மனதில் வைத்துக் கொண்டால் மற்றவை எளிதாகி விடும். வீடு ஒன்று, ஆளுக்கு ஒரு சாவி. ஒருவர் போனால் அவருடைய சாவியை மட்டும் செல்லாததாக்கினால் போதும். வீட்டின் பூட்டை மாற்ற வேண்டியதில்லை.

நிறுவனத்தின் டொமைன் பெயர், கிளவுட் அக்கவுண்ட், அதற்குப் பணம் செலுத்தும் கார்டு ஆகியவை யார் பெயரில் உள்ளன என்று முதலில் பாருங்கள். ஒரு நண்பரின் சொந்த இமெயில் முகவரியில் டொமைன் பதிவாகி இருந்தால், சட்டப்படி நிறுவனம் யாருடையதாக இருந்தாலும், நடைமுறையில் வெப்சைட் அவர் கையில்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் உள்ள இமெயில் முகவரிக்கு அதை மாற்றி விடுங்கள்.

கூகுள் டிரைவில் அனுமதி தருவது எப்படி?

பணம் கட்டாத சாதாரண கூகுள் அக்கவுண்ட்டிலேயே இதனைச் செய்யலாம். பாஸ்வேர்டைக் கொடுக்காமல் போல்டரை மட்டும் பகிர வேண்டும்.

1. கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவைத் திறந்து, பகிர வேண்டிய போல்டரின் மீது ரைட் கிளிக் செய்திடவும்.

2. கிடைக்கும் மெனுவில் ஷேர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. திறக்கப்படும் கட்டத்தில், யாருக்கு அனுமதி தர வேண்டுமோ அவருடைய இமெயில் முகவரியை டைப் செய்திடவும்.

4. அருகில் வியூவர், கமெண்ட்டர், எடிட்டர் என மூன்று நிலைகள் கிடைக்கும். வியூவர் பார்க்க மட்டும் முடியும். கமெண்ட்டர் பார்த்துக் கருத்து எழுதலாம். எடிட்டர் மாற்றங்கள் செய்யலாம். தேவையானதைத் தேர்ந்தெடுத்து, சென்ட் பட்டனில் கிளிக் செய்திடவும்.

இதே கட்டத்தின் கீழே ஜெனரல் ஆக்செஸ் என ஒரு பகுதி உண்டு. அங்கு ரெஸ்ட்ரிக்டட் என்று இருக்கட்டும். "எனிஒன் வித் தி லிங்க்" என்று மாற்றினால், அந்த லிங்க் யாருக்குக் கிடைத்தாலும் பைல் திறக்கும். லிங்க்கை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவர் வேறொருவருக்கு அனுப்ப, அது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அனுமதி தருவதற்கு ஓர் எளிய விதி: அவருடைய வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். கணக்கு பார்ப்பவருக்குக் கணக்கு போல்டரில் எடிட்டர் அனுமதி வேண்டும். வடிவமைப்பு போல்டரில் வியூவர் போதும். பிறகு தேவைப்பட்டால் கூட்டிக் கொள்ளலாம். கொடுத்ததைக் குறைப்பதுதான் சங்கடம்.

பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல்

நீங்கள் பகிர்ந்த போல்டருக்குள் உங்கள் நண்பர் ஒரு புதிய பைலை உருவாக்குகிறார். போல்டர் உங்களுடையது. பைல் யாருடையது? உங்கள் நண்பருடையது. சாதாரண கூகுள் டிரைவில் உருவாக்கியவரே பைலின் உரிமையாளர். அவர் தன் அக்கவுண்ட்டை மூடி விட்டால், அந்தப் பைலும் உங்கள் போல்டரிலிருந்து மறைந்து விடும்.

இதற்கு வழி உண்டு. பைலின் உரிமையாளர் ஷேர் கட்டத்தைத் திறந்து, உங்கள் பெயருக்கு அருகிலுள்ள மெனுவில் டிரான்ஸ்பர் ஓனர்ஷிப் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு ஓர் அழைப்பு வரும். அதனை நீங்கள் ஏற்றுக் கொண்டால் பைல் உங்களுடையதாகி விடும். இதைப் பைலின் உரிமையாளர்தான் தொடங்க வேண்டும். அவர் விலகிய பின், அவரைத் தேடிப் பிடித்துத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்ற கட்டணச் சேவையில் ஷேர்டு டிரைவ்ஸ் என்ற வசதி உள்ளது. அதில் வைக்கப்படும் பைல்கள் தனி நபருக்கு அல்ல, நிறுவனத்திற்கே உரியவை. உருவாக்கியவர் விலகினாலும் பைல் அங்கேயே இருக்கும். குழு வளரும்போது இதனை எண்ணிப் பார்க்கலாம். பணம் கட்டும் முன், நீங்கள் தேர்ந்தெடுக்கும் திட்டத்தில் இந்த வசதி உள்ளதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

அமேசான் கிளவுட்டில் செய்ய வேண்டியவை

உங்கள் குழு வெப்சைட் அல்லது மொபைல் அப்ளிகேஷன் நடத்துகிறது என்றால், அமேசான் வெப் சர்வீசஸில் ஓர் அக்கவுண்ட் இருக்கக் கூடும். சுருக்கமாக ஏ.டபிள்யூ.எஸ். என்பார்கள். அக்கவுண்ட் திறக்கும்போது கொடுத்த இமெயில் முகவரியில் நுழைபவர் ரூட் யூசர் எனப்படுவார். அவரால் செய்ய முடியாதது அநேகமாக எதுவும் இல்லை. அக்கவுண்ட்டையே மூடலாம். இந்தச் சாவியைத்தான் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.

முதலில் ரூட் யூசருக்கு இரண்டாம் கட்டச் சோதனையை அமைத்திடுங்கள். 2024 ஆம் ஆண்டு முதல் அமேசானே இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வந்தது.

அடுத்து, ஐ.ஏ.எம். என்ற பகுதிக்குச் செல்லுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. இங்கு ஒவ்வொருவருக்கும் தனி யூசர் உருவாக்கலாம். புதிதாக உருவாக்கப்படும் யூசருக்குத் தொடக்கத்தில் எந்த அனுமதியும் இருக்காது. நாம் கொடுப்பது மட்டுமே கிடைக்கும். ஆளுக்கு ஆள் அனுமதி எழுதுவதை விட, புரோகிராமர்கள், கணக்கு என குரூப்கள் அமைத்து, குரூப்பிற்கு அனுமதி கொடுத்து, ஆட்களை அதில் சேர்ப்பது நல்லது. வெறுமனே பார்வையிட வேண்டியவர்களுக்கு ரீட் ஒன்லி ஆக்செஸ் என்ற தயார் நிலை அனுமதியே உள்ளது. குழு பெரிதானால், ஐடென்டிடி சென்டர் என்ற வசதிக்கு மாறலாம். குறிப்பிட்ட நேரத்திற்கு மட்டும் செல்லுபடியாகும் தற்காலிகச் சாவிகளை அது தரும். மனிதர்கள் நுழைவதற்கு இதையே அமேசானும் பரிந்துரைக்கிறது.

இன்னொரு சாவியும் உண்டு. ஒரு புரோகிராம், மனிதர் உதவியின்றித் தானே கிளவுட்டில் நுழைய ஆக்செஸ் கீ என்ற நீண்ட எழுத்துச் சரம் தரப்படும். அவசரத்தில் பலர் இதனைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி விடுகிறார்கள். 2016 ஆம் ஆண்டு ஊபர் நிறுவனத்திற்கு நடந்தது இதுதான். அதன் புரோகிராம்கள் கிட்ஹப் தளத்தில் வெளியார் பார்க்க முடியாத தனிப் பகுதியில் இருந்தன. அதற்குள் நுழைந்தவர்களுக்கு அமேசான் கிளவுட்டின் சாவி கிடைத்தது. 5 கோடியே 70 லட்சம் பேரின் தகவல்கள் வெளியாரிடம் சிக்கின. 2017 நவம்பரில்தான் நிறுவனம் இதை வெளியிட்டது. பூட்டிய அறைதானே என்று சாவியை மேசை மேல் வைத்தால் இப்படித்தான். ரூட் யூசருக்கு ஆக்செஸ் கீ உருவாக்கவே வேண்டாம்.

இரண்டாம் கட்டச் சோதனை

பாஸ்வேர்டுடன், உங்களிடம் மட்டுமே உள்ள இன்னொன்றையும் கேட்பது இது. போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் எண் வருவது ஒரு வகை. கூகுள் அத்தென்டிகேட்டர் போன்ற அப்ளிகேஷன் 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் எண்ணைக் காட்டுவது இன்னொரு வகை. சிம் கார்டை ஏமாற்றி மாற்றிக் கொள்ளும் மோசடிகள் இருப்பதால், இரண்டாவது வகை நல்லது. எந்த வகையானாலும் இல்லாததை விட மேல்.

போன் தொலைந்தால்? அதற்காகவே கூகுள் பத்து பேக் அப் எண்களைத் தருகிறது. ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். இவற்றை அச்செடுத்து பீரோவில் வைத்திடுங்கள். போனிலேயே போட்டோ எடுத்து வைத்தால், போனுடன் அதுவும் போய் விடும்.

ஆளுக்கு ஓர் அக்கவுண்ட் இருந்தால் இந்தச் சோதனை யாருக்கும் தொல்லையாக இருக்காது. அவரவர் எண் அவரவர் போனுக்கு வரும்.

இரண்டு பேரிடம் பெரிய சாவி

முழு அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் மருத்துவமனையில் படுத்தால் நிறுவனமும் படுத்து விடும். நால்வரிடமும் இருந்தால் ஒரே பாஸ்வேர்ட் கதைதான். ஆகவே இருவரிடம் இருக்கட்டும். அவர்களும் அன்றாட வேலைக்குச் சாதாரண அக்கவுண்ட்டையே பயன்படுத்தட்டும். அமேசானில் ரூட் யூசருக்கு எட்டு சோதனைக் கருவிகள் வரை பதிவு செய்யலாம் என்பதால், இருவர் போனையும் இணைத்து விடலாம்.

சில தளங்கள் நிறுவனத்திற்கு ஒரே ஒரு லாக் இன்தான் தரும். அப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் பாஸ்வேர்ட் மேனேஜர் அப்ளிகேஷன் ஒன்றில் பாஸ்வேர்டை வைத்து, தேவைப்படுபவருக்குப் பகிரலாம். வாட்ஸ்அப் குரூப்பும், மானிட்டரில் ஒட்டிய காகிதமும் வேண்டவே வேண்டாம்.

ஒருவர் விலகும் நாளில்

இங்கு வரிசை முக்கியம். முதலில் பைல்களை வாங்க வேண்டும், பிறகுதான் கதவை மூட வேண்டும்.

1. அவர் உருவாக்கிய பைல்களின் பட்டியலை அவருடன் உட்கார்ந்தே தயாரித்து, உரிமையை மாற்றிக் கொள்ளுங்கள்.

2. டொமைன், வங்கி, விளம்பரம் என எங்கெல்லாம் அவருடைய இமெயில் முகவரியும் போன் எண்ணும் உள்ளனவோ, அங்கெல்லாம் மாற்றுங்கள்.

3. டிரைவில் பகிர்ந்த போல்டர்களிலிருந்து அவர் பெயரை நீக்குங்கள்.

4. அமேசானில் அவருடைய பாஸ்வேர்டையும் ஆக்செஸ் கீயையும் செயலிழக்கச் செய்யுங்கள். கீயை உடனே அழிக்காமல், முதலில் இன்ஆக்டிவ் செய்து சில நாட்கள் பாருங்கள். ஏதாவது புரோகிராம் அதை நம்பி ஓடிக் கொண்டிருந்தால் அப்போது தெரிந்து விடும். பிறகு அழிக்கலாம்.

5. கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்படுத்தினால், அவர் அக்கவுண்ட்டை முதலில் சஸ்பெண்ட் செய்து, பைல்களை இன்னொருவருக்கு மாற்றிய பின் நீக்குங்கள். தவறி நீக்கி விட்டால், 20 நாட்களுக்குள் மீட்கலாம். மைக்ரோசாப்ட் 365 சேவையில் இது 30 நாட்கள். அதன் பிறகு கேட்டுப் பயனில்லை.

நம்பிய நண்பரிடம் இப்படி நடந்து கொள்ளலாமா என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். இது அவருக்கும் பாதுகாப்பு. ஆறு மாதம் கழித்து ஒரு பைல் அழிந்து போனால், "அவரிடம் இன்னும் பாஸ்வேர்ட் இருக்கிறதே" என்று யாரும் அவரை நோக்கி விரல் நீட்ட முடியாது. சாவியைத் திருப்பிக் கொடுத்தவர் மீது பழி விழாது. நட்பும் கெடாது.

மாதம் பத்து நிமிடம்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் அல்லது எக்ஸெல் பைலில் நான்கு நெட்டுவரிசைகள் போடுங்கள்: எந்த அக்கவுண்ட், யாருக்கு, என்ன அனுமதி, எந்தத் தேதியில் கொடுத்தது. பாஸ்வேர்டை இதில் எழுத வேண்டாம். மாதம் ஒரு முறை இருவர் உட்கார்ந்து பாருங்கள். முடிந்து போன வேலைக்காக அனுமதி பெற்றவர், பழைய ஆடிட்டர், இரண்டு நாள் வந்து போன டிசைனர் என யாராவது பட்டியலில் இருப்பார்கள். நீக்கி விடுங்கள். அதே நேரத்தில் முக்கிய பைல்களை வெளியில் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். கூகுளின் டேக்அவுட் வசதி மூலம் டிரைவில் உள்ளவற்றை மொத்தமாக டவுண்லோட் செய்யலாம். கோட் ஸ்பேசஸிடம் இப்படிக் கழற்றி வைத்த காப்பி இருந்திருந்தால், அந்த பன்னிரண்டு மணி நேரத்தின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

எனக்கு நிறுவனமே இல்லையே, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்தானே என்கிறீர்களா? குடும்பப் போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் யாருடைய அக்கவுண்ட்டில் உள்ளன? அவருடைய பாஸ்வேர்ட் மறந்தால், போன் தொலைந்தால், வேறு யாரால் திறக்க முடியும்? 2023 டிசம்பர் முதல், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விடப்படும் தனி நபர் அக்கவுண்ட்களை கூகுள் நீக்கவும் தொடங்கியுள்ளது. நான்கு பேர் உள்ள வீடும் ஒரு சிறிய குழுதான்.

இந்த இதழை மூடி வைத்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கூகுள் அக்கவுண்ட்டில் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து, எந்தெந்தக் கருவிகளில் அது திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள. விற்று விட்ட பழைய போன் ஒன்று அங்கே இருந்தால், அதில் கிளிக் செய்து சைன் அவுட் கொடுங்கள். நீங்கள் திரும்பப் பெற்ற முதல் சாவி அதுவாக இருக்கட்டும்.